எண்ணெயில் பிழைக்கும் நாடு ஆலைப் புகையைக் குறைக்க எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: எண்ணெயும் எரிவாயுவும் விற்ற பணத்தில் நடக்கும் ஒரு நாடு, தன் ஆலைகள் வெளிவிடும் கார்பனை உண்மையிலேயே குறைக்க முடியுமா? முடியுமென்றால் முதலில் எதில் கை வைப்பது? கார்பன் பிடிப்பிலா, ஹைட்ரஜனிலா, சூரிய மின்சாரத்திலா?

முடியும். ஆனால் வரிசை தவறினால் பணம் போகும், புகை குறையாது. பொதுப்படையாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் அபுதாபியை எடுத்துக்கொள்கிறேன். எஃகு, அலுமினியம், எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், கடல்நீரிலிருந்து குடிநீர், அணுமின் நிலையம், எண்ணெய் வயல்கள் என்று இந்தக் கேள்விக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரு எமிரேட்டுக்குள் இருக்கின்றன. அந்த ஆலைகளின் உலையடியிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் வேலை செய்கிறவர்களில் நம்மவர்களும் நிறைய.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஏற்றுமதியான எண்ணெய் வேறு நாட்டில் எரியும்போது வரும் புகை இந்தக் கணக்கில் இல்லை. அது இதைவிடப் பெரிய கேள்வி. ஆலைக்குள் என்ன செய்தாலும் அது தீராது. இங்கே பேசுவது ஆலை வாசலுக்குள் நடப்பதை மட்டும்.

என் வரிசை இது: முதலில் எரிவாயுவுக்கு உள்நாட்டில் போடும் விலையும் கசிவும். அடுத்து மின்சாரத்தையும் தண்ணீரையும் எரிவாயுவிலிருந்து கழற்றுவது. பிறகு, ஏற்கெனவே சுத்தமாக வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது. ஹைட்ரஜன் கடைசியில். செய்தி அறிக்கைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக வரும். ஏன் இப்படி என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

மலிவு எரிவாயு

எண்ணெய் நாடுகளில் ஆலைகளுக்கு எரிவாயு உலகச் சந்தை விலையில் போவதில்லை. அதைவிட மிகக் குறைந்த உள்நாட்டு விலைக்குப் போகும். அதனால் எரிபொருள் சேமிக்கும் எந்த வேலையும் ஏட்டில் லாபம் தராது. கஞ்சத்தனமும் அலட்சியமும் காரணமில்லை, விலைதான் காரணம்.

ஒரு சுத்திகரிப்பு ஆலை உலையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மெகாவாட் அளவுக்கு எரிவாயு எரிக்கிறது, ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது, புகைபோக்கியில் வெப்பம் 300 டிகிரி. புகையில் ஆக்சிஜன் 7 சதவீதம் இருக்கிறது என்றால் தேவைக்கு மேல் சுமார் 45 சதவீதக் காற்று உள்ளே போகிறது. அந்த வீண் காற்றையும் சூடாக்கித்தான் வெளியே அனுப்புகிறோம். ஆக்சிஜனை 3 சதவீதத்துக்கு இறக்கினால் எரிபொருளில் ஏறக்குறைய 3 சதவீதம் மிச்சம். ஆண்டுக்கு 43,000 கிகாஜூல். கார்பன் டை ஆக்சைடில் 2,400 டன். எரிவாயு பத்து லட்சம் பிடியுவுக்கு (பிடியு என்பது வெப்பத்தை அளக்கும் அலகு) ஒன்றரை டாலர் என்று உள்கணக்கில் போட்டால் மிச்சம் சுமார் 61,000 டாலர். அதே வாயுவை 8 டாலருக்குத் திரவமாக்கி விற்கலாம் என்று போட்டால் 3 லட்சம் டாலரைத் தாண்டும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் அனலைசர் வாங்கும் கோப்பு முதல் கணக்கில் தள்ளுபடியாகும், இரண்டாவதில் உடனே கையெழுத்தாகும்.

இதில் அபுதாபிக்கு ஒரு தனி நிலைமை. ஐக்கிய அரபு அமீரகம் எண்ணெய் ஏற்றுமதி செய்கிறது. அதே நாடு 2007 முதல் கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து அபுதாபியின் தவீலாவுக்கு வரும் டால்பின் கடலடிக் குழாய் வழியாக எரிவாயுவை வாங்குகிறது. அதனால் ஆலையில் மிச்சமாகும் ஒவ்வொரு கனமீட்டரும் இறக்குமதியைக் குறைக்கும், அல்லது ஏற்றுமதிக்குப் போகும். ஆலைகளுக்கு விற்கும் விலையை ஒரே நாளில் ஏற்ற அரசு தயங்கலாம். அப்போதும் நிறுவனத்துக்குள் முதலீட்டை எடைபோடும்போது ஏற்றுமதி விலையைத்தான் போட வேண்டும் என்று ஓர் உள்விதி வைத்துவிடலாம். காசு செலவில்லாத இந்த ஒரு விதி, பல கார்பன் திட்டங்களைவிட அதிகம் சாதிக்கும் என்பது என் உறுதியான கருத்து.

உலையில் காற்றைக் குறைக்கப் போய்க் கெடுத்துக்கொள்வதும் உண்டு. அனலைசரைப் புகைபோக்கியில் வைத்திருப்பார்கள். இடையில் பார்வைத் துளைகள், கதவு விளிம்புகள், குழாய் நுழையும் ஓட்டைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறும். மேலே 5 சதவீதம் ஆக்சிஜன் காட்டும், கீழே பர்னரில் காற்றே போதாமல் இருக்கும். காட்டும் எண்ணை நம்பிக் காற்றை மேலும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு கிளம்பும், சுவாலை நீண்டு குழாய்களை நக்கும், எரியாத வாயு மேல்பகுதியில் போய்ப் பற்றும். சரியான வரிசை: முதலில் ஓட்டைகளை அடையுங்கள். அடுத்து புகை வழியில் இருக்கும் மடலான டேம்பரைத் திருப்பி, உலையின் உள்மேல்பகுதியில் இழுவையை நீர்க்கம்பக் கணக்கில் மைனஸ் 2.5 மில்லிமீட்டர் அருகே கொண்டுவாருங்கள். அளவியை உலையின் மேல்வளைவுக்கு மாற்றி, ஆக்சிஜனோடு கார்பன் மோனாக்சைடையும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகுதான் பர்னர் காற்றுக் கதவில் கை வைக்க வேண்டும்.

நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு நீராவியைத் தடுக்கும் டிராப்புகளும் இதே ரகம். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டால் அவற்றில் 15 முதல் 30 சதவீதம் வரை பழுதாகியிருக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. அல்ட்ராசோனிக் கருவியோடு ஓர் ஆள் ஆலையைச் சுற்றி வந்தால் பட்டியல் கையில் கிடைத்துவிடும்.

கசிவிலும், மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் கோபுரமான ஃபிளேரிலும் ஏட்டுக் கணக்கு இன்னும் மோசமாக ஏமாற்றும். ஃபிளேரில் போகும் வாயுவில் 98 சதவீதம் எரிந்துவிடுகிறது என்று எல்லோரும் எழுதிவைப்பது வழக்கம். அமெரிக்காவின் மூன்று பெரிய வயல் பகுதிகளில் விமானத்தில் பறந்து அளந்து 2022இல் வெளியான ஆய்வில், அணைந்து கிடந்த ஃபிளேர்களையும் சேர்த்தால் பயன் 91 சதவீதம்தான். எரியாமல் போவது மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 30 மடங்கு சூடேற்றும். சுத்திகரிப்பு ஆலைகளில் வழக்கமான தவறு நீராவியை அதிகமாக விடுவது. கரும்புகை தெரியக்கூடாது என்று வால்வைத் திறந்துவிடுவார்கள். சுவாலைப் பகுதியில் வாயுவின் வெப்ப மதிப்பு கனமீட்டருக்குச் சுமார் 10 மெகாஜூலுக்குக் கீழே இறங்கினால் சுவாலை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். வாயு எரியாமலே போய்க்கொண்டிருக்கும்.

மின்சாரமும் தண்ணீரும்

அபுதாபியில் நடந்த மிகப் பெரிய குறைப்பு எந்த ஆலைக்குள்ளும் நடக்கவில்லை. பராக்கா அணுமின் நிலையத்தில் நடந்தது. தலா 1,400 மெகாவாட் உள்ள நான்கு உலைகள். முதலாவது 2021 ஏப்ரலிலும் நான்காவது 2024 செப்டம்பரிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி யூனிட், நாட்டின் மின்தேவையில் நான்கில் ஒரு பங்கு. 2 கோடி டன்னுக்கு மேல் உமிழ்வு தவிர்க்கப்படுவதாக நிலையம் கணக்குக் காட்டுகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் கார்பன் பிடிப்புத் திட்டத்தின் அளவு 8 லட்சம் டன்.

2022 முதல் அபுதாபி அரசின் எண்ணெய் நிறுவனமான அட்நாக்கின் தரைப் பகுதி வேலைகள் அணு, சூரிய மின்சாரத்தை வாங்கி ஓடுகின்றன. கடலில் உள்ள வயல்களில் அந்தந்தத் தீவிலேயே சிறிய எரிவாயு டர்பைன்கள் ஓடும்; அவற்றின் பயன்திறன் பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அவற்றை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து உயரழுத்த நேர்மின் கேபிள் போடும் வேலைக்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தமானது. 3,200 மெகாவாட் கொள்ளளவு. கடல் வயல்களின் உமிழ்வில் 30 சதவீதத்துக்கு மேல் குறைப்பது இலக்கு. கேபிள் போட்ட மறுநாளே டர்பைன்கள் நின்றுவிடாது. அவற்றின் வெளியேறும் சூட்டில் ஓடிக்கொண்டிருந்த நீராவி, எண்ணெய் சூடேற்றும் வேலைகளுக்கு மாற்று வேண்டும். இதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்காவிட்டால், சூட்டுக்காக மட்டும் இரண்டு டர்பைன்களைக் கடைசிவரை ஓட்டிக்கொண்டிருக்க நேரும்.

இதே சிக்கல் குடிநீரில் பெரிய அளவில் இருக்கிறது. வெளியில் அதிகம் பேசப்படாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளைகுடாவின் பழைய ஆலைகள் மின்சாரத்தையும் தண்ணீரையும் சேர்த்தே தயாரிப்பவை. எரிவாயு டர்பைன் மின்சாரம் தரும். மிச்ச நீராவி கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும். குளிர்காலத்தில் ஏ.சி. நின்றதும் மின்தேவை வெகுவாகச் சரிகிறது, தண்ணீர்த் தேவை அப்படிச் சரிவதில்லை. தண்ணீருக்காக டர்பைன் ஓடியே ஆக வேண்டும். அப்போது வெளிவரும் மின்சாரம், சூரிய மின்சாரத்துக்கும் அணு மின்சாரத்துக்கும் இடம் இல்லாமல் செய்துவிடும். ஆக, பேனல்களை எவ்வளவு அடுக்கினாலும் காய்ச்சி வடிக்கும் ஆலையைக் கழற்றாமல் எரிவாயு குறையாது.

கழற்றும் வழி எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ. கனமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் போதும். காய்ச்சி வடிக்கும் ஆலையில் பம்புகளுக்கு மட்டுமே அந்த அளவு மின்சாரம் போய்விடும், நீராவிச் செலவு தனி. தவீலாவில் நாளுக்கு 9 லட்சம் கனமீட்டர் தரும் ஆர்.ஓ. ஆலை இதற்காகவே கட்டப்பட்டது. அதன் பலவீனமும் தெரிந்ததே. பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் இருக்கும் உப்பு, வளைகுடாவில் 42 கிராமைத் தாண்டுகிறது. 2008-09இல் கடல் செந்நிறமாகப் பாசி பூத்தபோது அமீரகத்தின் சில ஆர்.ஓ. ஆலைகள் வாரக்கணக்கில் நின்றன. காற்றுக் குமிழிகளால் பாசியை மிதக்கவைத்து வழிக்கும் முன்சுத்திகரிப்பு இல்லாமல் அங்கே ஆர்.ஓ. கட்டுவது அபாயம். சேமிப்பிலும் இருப்பு வேண்டும். காய்ச்சும் ஆலைகளை மூடிவிடலாம் என்ற துணிச்சலைத் தருவது நிறைந்த நீர்த்தொட்டிதான்.

முஸஃபா எஃகு ஆலை: பிடிக்க எளிதான கார்பன்

இனி கார்பன் பிடிப்பு. இதில் ஒரே விதியை மனத்தில் வைத்தால் போதும்: வாயு எவ்வளவு சுத்தமாக வருகிறதோ அவ்வளவு மலிவு.

1 டன் கார்பன் டை ஆக்சைடு சாதாரண அழுத்தத்தில் சுமார் 510 கனமீட்டர். எரிவாயு டர்பைன் புகையில் அது 3 முதல் 4 சதவீதம்தான். எனவே 1 டன் பிடிக்க 13,000 கனமீட்டருக்கு மேல் புகையை ஊதி, குளிரவைத்து, கோபுரத்துக்குள், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் அமீன் கரைசலில் தோய்க்க வேண்டும். கரைசலை மறுபடி சூடாக்கி வாயுவைப் பிரிக்க டன்னுக்கு 3 முதல் 4 கிகாஜூல் நீராவி. அந்த நீராவியை எரிவாயு எரித்தே எடுத்தால், பிடித்த ஒவ்வொரு டன்னுக்கும் 0.2 டன் புதிதாகக் கிளம்பும். டர்பைன் புகையில் ஆக்சிஜன் 13 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் அமீன் சிதைந்து அமில உப்பாகி நுரைக்கும். கரைசல் 40 டிகிரி அருகே இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். கோடையில் குளிர்விக்கக் கிடைக்கும் கடல்நீரே 33, 34 டிகிரி. இந்தக் காரணங்களால்தான் டர்பைன் புகையில் தொடங்காதீர்கள் என்கிறேன்.

அபுதாபியின் தொழிற்பேட்டையான முஸஃபாவில் கதை வேறு. எமிரேட்ஸ் ஸ்டீல் ஆலை, இரும்புத் தாதை ஊதுலையில் உருக்குவதில்லை. எரிவாயுவைக் கொண்டு திடநிலையிலேயே ஆக்சிஜனை உருவி, கடற்பஞ்சு போன்ற இரும்பாக்கி மின்வில் உலையில் உருக்குகிறது. ரியாக்டரின் மேலிருந்து வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நீராவி, கார்பன் டை ஆக்சைடு நான்கும் இருக்கும். அதை மறுபடி ரியாக்டருக்கு அனுப்ப வேண்டுமானால் நீராவியையும் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வாயுவுக்கு ஆக்சிஜனை உருவும் வலு போய்விடும். எனவே அமீன் கோபுரம் எஃகு தயாரிப்பின் பகுதியாகவே அங்கே இருக்கிறது. பிரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய முழுச் சுத்தம். முன்பு காற்றில் போய்க்கொண்டிருந்தது. பிடிப்புக்குச் செலவே இல்லை. உலர்த்தி, அழுத்தி, அனுப்பினால் போதும்.

அட்நாக்கும், அபுதாபியின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமான மஸ்தாரும் சேர்ந்து தொடங்கிய அல் ரியாதா திட்டம் 2016இலிருந்து இதைத்தான் செய்கிறது. ஆண்டுக்கு 8 லட்சம் டன் வரை, 43 கிலோமீட்டர் குழாயில், ருமைதா, பாப் எண்ணெய் வயல்களுக்கு. சவுதியின் ஜுபைலில் எத்திலீன் கிளைக்கால் ஆலைகளிலிருந்து ஆண்டுக்கு 5 லட்சம் டன் எடுக்கும் திட்டமும் இதே மாதிரி, சுத்தமாக வரும் வாயுவைத் தேடிப் போனதுதான். ஒப்பீட்டுக்கு நம் தூத்துக்குடியைப் பாருங்கள். அங்குள்ள சோடா ஆஷ் ஆலையில் 2016இல் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்தே பிடிக்கத் தொடங்கினார்கள்; அளவு ஆண்டுக்கு 60,000 டன். புகையிலிருந்து பிடிக்கவே முடியாது என்றில்லை. நிலக்கரிப் புகையில் 12 சதவீதத்துக்கு மேல் செறிவு இருந்ததும், பிடித்த வாயுவை அந்த ஆலையே மூலப்பொருளாகப் பயன்படுத்த முடிந்ததும் அங்கே கைகொடுத்தன.

அழுத்துவது, அனுப்புவது இரண்டிலும் வளைகுடாவுக்கே உரிய தொல்லைகள் இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பம் 31 டிகிரி, அழுத்தம் 74 பார். குளிர் நாட்டில் பாதி வழி கம்ப்ரஸரில் ஏற்றி, கடல்நீரால் குளிர்வித்துத் திரவமாக்கி, மீதியைப் பம்பில் ஏற்றலாம், மின்சாரம் மிச்சம். வளைகுடாக் கோடையில் கடல்நீரே 31 டிகிரிக்கு மேல் இருப்பதால் அது திரவமாகாது. கம்ப்ரஸரே முழு வேலையையும் செய்ய வேண்டும். டன்னுக்கு 100 யூனிட்டை ஒட்டி மின்சாரம் போகும். குழாயில் இன்னொரு சிக்கல்: 100 பார் அழுத்தத்தில் 40 டிகிரியில் கனமீட்டருக்கு 629 கிலோ இருக்கும் வாயு, 60 டிகிரியில் 290 கிலோவாக இறங்கிவிடும். வெயிலில் கிடக்கும் குழாயில் ஓட்டம் பாதியாகிவிடும் என்று பொருள். ஆகவே குழாயைப் புதைக்க வேண்டும், அழுத்தத்தையும் 100 பாருக்கு மேலே தாராளமாக வைக்க வேண்டும்.

ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலமாகிச் சாதாரண எஃகுக் குழாயை அரிக்கும். அதனால் கிளைக்கால் கோபுரத்தில் உலர்த்திய பிறகே குழாயில் விட வேண்டும். உலர்த்தி நின்றால் குழாயும் தானாக நிற்கும்படி இன்டர்லாக் வேண்டும். இரண்டு மூன்று ஆலைகளின் வாயுவை ஒரே குழாயில் கலப்பவர்கள் ஒவ்வொன்றின் ஆக்சிஜன், கந்தக அளவைத் தனித்தனியே கட்டுப்படுத்தட்டும். தனித்தனியே பாதுகாப்பான அளவில் இருப்பவை கலந்தபின் ஒன்றோடொன்று வினைபுரிந்து அமிலம் தரும். உடைப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 2020 பிப்ரவரியில் சட்டார்ஷியா ஊரருகே நடந்தது சாட்சி. கனமழையில் மண் சரிந்து குழாய் முறிந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு பள்ளத்தில் தேங்கியது. கார் என்ஜின்கள் ஆக்சிஜன் இல்லாமல் நின்றன. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். குடியிருப்புக்கு அருகே குழாய் போகிறது என்றால் தாழ்வான இடங்களில் அளவிகள், அடைப்பு வால்வுகளுக்கு இடையே குறைந்த தூரம், ஊராருக்குப் பயிற்சி இவை எல்லாம் முதல் நாளே தேவை.

இப்போது நேர்மையாகப் பேச வேண்டிய இடம். அந்த 8 லட்சம் டன் போவது எண்ணெய் எடுக்க. வயலுக்குள் செலுத்தினால் பாறையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் இளகி வரும். வழக்கமான முறையில் ஒரு பீப்பாய்க்கு 0.3 முதல் 0.6 டன் கார்பன் டை ஆக்சைடு நிலத்தடியில் தங்கும். அந்த ஒரு பீப்பாய் எரிந்தால் 0.43 டன் வெளிவரும். புதைத்ததும் தோண்டியதும் ஏறக்குறைய சரிக்குச் சரி. எஃகு ஆலையின் கணக்கில் இது உண்மையான குறைப்புதான். முன்பு வயலுக்குள் செலுத்திய எரிவாயு மிச்சமாகி மின்நிலையத்துக்குப் போவதும் நன்மைதான். ஆனால் இதை உலகக் கணக்கில் முழுக் குறைப்பு என்று எழுதக்கூடாது. எஃகு ஒரு ஏட்டிலும் எண்ணெய் இன்னொரு ஏட்டிலும் இருக்கட்டும். இந்தக் குழாய்ப் பாதையும் கம்ப்ரஸரும் அனுபவமும் நாளை உவர்நீர்ப் பாறை அடுக்கில் நிரந்தரமாகப் புதைக்கவும் பயன்படும். அந்த மாற்றத்துக்கு நாள் குறித்தால்தான் இன்றைய திட்டத்துக்குப் பொருள் இருக்கும்.

நாள் குறிக்க வைப்பது விலை. நார்வேயும் எண்ணெய் நாடுதான். அங்கே 1991இல் கடல் வயல்களின் கார்பனுக்கு வரி போட்டார்கள். ஸ்லைப்னர் வயலின் எரிவாயுவில் 9 சதவீதம் இருந்த கார்பன் டை ஆக்சைடை விற்பனைக்காக எப்படியும் பிரித்தாக வேண்டியிருந்தது. காற்றில் விட்டால் வரி. 1996இலிருந்து கடலடி மணற்பாறையில் செலுத்தினார்கள், ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். எண்ணெய் எடுக்க அல்ல, புதைக்க மட்டும். அமீரகத்தில் அப்படியொரு வரி இல்லாததால் எண்ணெய் வருமானம்தான் அந்தச் செலவைத் தாங்குகிறது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை.

அலுமினியம்

எமிரேட்ஸ் குளோபல் அலுமினியம் நிறுவனம் துபாயின் ஜெபல் அலியிலும் அபுதாபியின் தவீலாவிலும் ஆண்டுக்கு 25 லட்சம் டன்னுக்கு மேல் உருக்குகிறது. ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம். எரிவாயு மின்சாரமாக இருந்தால் அதில் மட்டும் ஐந்தரை டன் கார்பன் டை ஆக்சைடு. கார்பன் ஆனோடு (நேர்மின்வாய்) கரைவதில் இன்னொரு ஒன்றரை டன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கும் தொட்டிக்குள் நடப்பது. 960 டிகிரி உப்புக் குழம்பில் மூலப்பொருளான அலுமினாத் தூள் 2 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால், நாலு வோல்ட்டில் ஓடும் தொட்டி திடீரென்று 20, 30 வோல்ட்டுக்குத் தாவும். ஆனோடு விளைவு என்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் கார்பன் டெட்ராஃபுளூரைடு வெளிவரும். அதில் 1 கிலோ 7 டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், காற்றில் ஐம்பதாயிரம் ஆண்டு தங்கும். காரணம் பெரும்பாலும் அற்பமானது: அலுமினா விழும் துளையை மேலோடு மூடியிருக்கும், அல்லது தூள் மிக நுண்ணியதாக வந்து கரையாமல் அடியில் படிந்திருக்கும். ஒவ்வொரு தொட்டியின் மின்தடை எப்படிச் சரிகிறது என்பதைக் கணினி நொடிக்கு நொடி பார்த்து, தாவும் முன்பே அலுமினாவைக் கூட்டிவிட்டால் இது அநேகமாக நின்றுவிடும். துளை உடைக்கும் கம்பியின் தேய்மானத்தை ஷிஃப்டுதோறும் பார்ப்பது இந்த ஆலையில் மிக மலிவான பருவநிலை வேலை.

மின்சாரம் அவ்வளவு எளிதல்ல. தொட்டிக்கு நாலைந்து மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் உலோகம் உறைந்துவிடும். பகல் சூரியனை மட்டும் நம்ப முடியாது. 2021இல் சந்தைக்கு வந்த சூரிய மின் அலுமினியம், மொத்தத்தில் சூரிய மின்சாரத்தைச் சான்றிதழ் வழி ஈடுசெய்யும் முறை; இரவில் தொட்டி ஓடியது எரிவாயுவில். 24 மணி நேரமும் சூரிய மின்சாரம் தர என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜனவரியில் அபுதாபி அறிவித்த திட்டமே கணக்குச் சொல்கிறது: 1,000 மெகாவாட்டை இடைவிடாமல் தர 5,200 மெகாவாட் பேனலும் 19,000 மெகாவாட் மணி பேட்டரியும்.

ஹைட்ரஜன் ஏன் கடைசி

1 டன் இரும்பிலிருந்து ஆக்சிஜனை உருவ 54 கிலோ ஹைட்ரஜன் தேவை. நடைமுறையில் 55ஐத் தாண்டும். தண்ணீரைப் பிளந்து 1 கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல். ஆக டன்னுக்கு சுமார் 2,900 யூனிட் சுத்தமான மின்சாரம். அதனால் தவிர்க்கப்படும் எரிவாயு 10 கிகாஜூல், அதாவது 0.55 டன் கார்பன் டை ஆக்சைடு. அதே 2,900 யூனிட்டை மின்கட்டமைப்பில் விட்டு ஓர் எரிவாயு மின்நிலையத்தை நிறுத்தினால் மிச்சம் 1.1 டன். இரண்டு மடங்கு. மின்கட்டமைப்பில் எரிவாயு ஓடிக்கொண்டிருக்கும் மணி நேரங்களில் ஹைட்ரஜன் தயாரிப்பது, குறைக்க வேண்டியதைக் கூட்டுவதாகும்.

குளிர்கால நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சி வீணாகும் நிலை வந்தால் இந்தக் கணக்கு மாறும். அன்றைக்குத் தயாராக இருக்க இப்போதே சிறிய அளவில் பழகுவது சரிதான். 2024இல் முஸஃபாவில் மஸ்தாரும் எஃகு ஆலையும் சேர்ந்து பச்சை ஹைட்ரஜன் முன்னோட்டம் நடத்தியது அந்த வகையில் நல்ல வேலை. அதில் கற்க வேண்டியதும் இருக்கிறது: எரிவாயுவில் வந்த இரும்பில் 2 சதவீதத்துக்கு மேல் கார்பன் இருக்கும், அது மின்வில் உலையில் எரிந்து நுரை தந்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும். சுத்த ஹைட்ரஜன் இரும்பில் கார்பனே இராது. அதை வெளியிலிருந்து போட வேண்டும். வினையும் சூட்டை உறிஞ்சுவது என்பதால் வாயுவைக் கூடுதலாகச் சூடாக்க வேண்டும்.

சிமென்டைப் பற்றி ஒரு சொல். அரைத்துச் சிமென்டாக்கும் சுட்ட கட்டிதான் கிளிங்கர்; அதன் ஒரு டன்னுக்கு அரை டன் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருவதால் எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. கிளிங்கர் பங்கைக் குறைப்பதே முதல் வழி. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் கலந்து பாதிக் கிளிங்கரோடு முடிக்கும் சிமென்ட் ஆய்வில் சென்னை ஐஐடியின் பங்கு உண்டு. அமீரகத்தில் சுண்ணாம்புக் கல் தாராளம், ஏற்ற களிமண்ணைத்தான் தேட வேண்டும்.

ஏடுகள்

அமீரகத்தின் 2024ஆம் ஆண்டு 11ஆம் எண் ஃபெடரல் ஆணைச் சட்டம் 2025 மே 30 முதல் நடப்பில் இருக்கிறது. தடையற்ற வணிக மண்டலங்கள் உட்பட எல்லா நிறுவனங்களும் உமிழ்வை அளந்து, பதிந்து, அறிவிக்க வேண்டும். தவறினால் 50,000 முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். இது கார்பனுக்கான விலை ஆகாது, ஆனால் அளவீட்டைக் கட்டாயமாக்கியதே பெரிய படி.

இறக்குமதிப் பொருளின் உமிழ்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் போடும் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து உண்மையான கட்டணக் கட்டத்துக்கு வந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது: சிமென்ட், உரம் இரண்டுக்கும் வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வும் சேரும், எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் இப்போதைக்கு ஆலையின் நேரடி உமிழ்வு மட்டுமே. அலுமினியத்தில் ஆனோடும் ஃபுளூரைடு வாயுவும் கணக்கில் வரும், ஐந்தரை டன் மின்சார உமிழ்வு வராது. எனவே எல்லைக் கட்டணத்தை மட்டும் பார்த்து முதலீடு செய்தால் பெரியதை விட்டுவிட்டுச் சிறியதைத் துரத்துவோம். கார் கம்பெனிகள் கேட்பதோ முழுக் கணக்கை. இரண்டு ஏட்டையும் தனித்தனியே வைத்திருங்கள்.

சரிபார்க்கப்பட்ட சொந்த எண் இல்லாதவர்களுக்கு, அந்த நாட்டுச் சராசரியோடு கூடுதலும் சேர்த்து நிர்ணயித்த மதிப்பே போடப்படும். நன்றாக நடக்கும் ஆலைக்கு அது நட்டம். சொந்த எண் நிற்க வேண்டுமானால் எரிவாயு மீட்டரின் அளவுத்திருத்தச் சான்று, குரோமட்டோகிராஃபின் வாயுச் சேர்க்கைப் பதிவு, குழாயில் அனுப்பிய கார்பன் டை ஆக்சைடின் எடைமீட்டர் பதிவு, அந்த மீட்டருக்கும் கிணற்று வாயில் மீட்டருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு விளக்கம் இந்த நான்கும் கோப்பில் இருக்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது கடைசியாகச் சொன்னது. கம்ப்ரஸர் நிற்கும்போது காற்றில் திறந்துவிட்ட வாயு அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கும்; அதற்குத் தனி மீட்டர் வைத்து, பிடித்த கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.